ஒரு ரேஷன் கடைக் கட்டடத்துக்காக மூன்று வருடம் நடந்தேன்

2022 மே மாதம், கத்திரி தொடங்கிய வாரத்தில், என் மாமியார் ரேஷன் கடை வாசலில் மயங்கி விழுந்தார். மதுரை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊராட்சி எங்களுடையது. கடை அப்போது ஒரு தகரக் கொட்டகையில் வாடகைக்கு நடந்துகொண்டிருந்தது. உள்ளே அரிசி மூட்டைகளை அடுக்கிவிட்டால் விற்பனையாளருக்கும் தராசுக்கும்தான் இடம். மற்ற எல்லோரும் வெளியே, தார் ரோட்டு ஓரத்தில். கைரேகை மெஷினுக்கு சிக்னல் கிடைக்காத நாளில் முக்கால் மணி நேரம்கூட அப்படியே நிற்க வேண்டியிருக்கும். அன்றைக்கு அத்தை வெறும் நீராகாரம் குடித்துவிட்டுப் போயிருந்தார். விழுந்ததில் நெற்றி கல்லில் பட்டு மூன்று தையல். ஆரம்ப சுகாதார நிலையத்து பெஞ்சில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், இந்தக் கடைக்கு ஒரு கட்டடம் வாங்காமல் விடுவதில்லை என்று மனதுக்குள் வைராக்கியம் வந்தது.

நான் வீட்டில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். பன்னிரண்டாவது வரை படிப்பு. எந்தக் கட்சியிலும் இல்லை. எம்.எல்.ஏ.விடம் ஒரு மனு கொடுத்தால் அவர் தன் நிதியிலிருந்து கட்டிக் கொடுத்துவிடுவார், அதிகம் போனால் ஆறு மாதம் ஆகும் என்றுதான் நினைத்தேன். கடை திறந்தது 2025 ஜூனில். இடையில் 47 நாள் தையலை மூடிவிட்டு அலைந்திருக்கிறேன். நோட்டில் எழுதி வைத்திருப்பதால் கணக்கு தெரியும். நாளுக்கு 450 ரூபாய் என்று வைத்தாலும் 21,000 ரூபாய்க்கு மேல் கூலி போச்சு. பஸ், ஜெராக்ஸ், ஸ்டாம்பு எல்லாம் 6,000. ஏமாந்து கொடுத்தது 15,000. ஆக 42,000 ரூபாய். இதில் முக்கால்வாசியை மிச்சம் பிடித்திருக்கலாம், யாராவது முன்னாலேயே நாலு விஷயம் சொல்லியிருந்தால். எனக்குச் சொல்ல ஆளில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். அது இங்கே முக்கியமில்லை.

முதல் மனுவை நான் கொடுத்தது ஒரு காதணி விழாவில். எம்.எல்.ஏ. எங்கள் பக்கத்து ஊருக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டு, ராத்திரி உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போனேன். அத்தை விழுந்தது, ரத்தம் வந்தது, ஊர்ப் பெண்கள் படும் பாடு எல்லாம் அதில் இருந்தது. அவர் மொய் எழுதிவிட்டு வெளியே வரும்போது கையில் கொடுத்தேன். வாங்கி, தலையசைத்து, பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அந்த மனு அதோடு போனது. யார் வாங்கினார், எங்கே வைத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. என்னிடம் நகலும் இல்லை. விசேஷ வீட்டிலோ, ரோட்டில் கார் நிற்கும்போதோ மனு கொடுக்காதீர்கள். ஒரு நாளில் அப்படி நாற்பது காகிதம் அவர்கள் கைக்கு வருகிறது. தொகுதி அலுவலகத்துக்குப் போய், இரண்டு நகல் கொண்டுபோய், ஒன்றில் தேதியோடு முத்திரை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஊராட்சி, ஒன்றியம், எத்தனை குடும்ப அட்டை, இப்போது கடை எங்கே இருக்கிறது, கட்டடத்துக்கு எந்த இடம், அதன் சர்வே எண் என்ன, கிராம சபைத் தீர்மானம் உண்டா என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். என் மூன்று பக்கத்தில் சர்வே எண் இல்லை. கண்ணீர் மட்டும்தான் இருந்தது.

அலுவலகத்துக்கும் நான் நான்கு முறை வீணாகப் போனேன். ஒவ்வொரு முறையும் 'ஐயா சென்னையில் இருக்கிறார்' என்ற பதில்தான். சட்டமன்றம் நடக்கும் நாளில் அவர் எப்படி ஊரில் இருப்பார் என்று எனக்கு உறைக்கவே இல்லை. பட்ஜெட் போட்ட பிறகு ஒவ்வொரு துறைக்குமான மானியக் கோரிக்கை விவாதம் வாரக்கணக்கில் நடக்கும். அப்போது சனி, ஞாயிறில்தான் ஆளைப் பார்க்க முடியும். கூட்டத்தொடர் எப்போது என்பது பேப்பரிலேயே வருகிறது. அதைப் பார்த்துவிட்டு, உதவியாளருக்கு ஒரு போன் போட்டுவிட்டுக் கிளம்பினாலே நான்கு நாள் கூலி மிஞ்சியிருக்கும்.

ஐந்தாவது முறை காலை ஏழு மணிக்கே போய் உட்கார்ந்தேன். என் முறை வர மூன்று மணி நேரம் ஆனது. அந்த மூன்று மணி நேரம் எனக்குப் படிப்பினை. ஒருவர் மகளுக்குக் கல்லூரியில் இடம் கேட்டு வந்திருந்தார். ஒருவருக்கு அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும் அண்ணனைக் கொஞ்சம் கவனிக்கச் சொல்லி போன் பண்ண வேண்டும். ஒரு அம்மா முதியோர் ஓய்வூதியம் நின்றுபோனதைச் சொல்லி அழுதது. இரண்டு பேர் கல்யாணப் பத்திரிகையோடு நின்றார்கள். வாய்க்கால் தகராறு ஒன்று. இதில் பாதிக்கு மேல் எம்.எல்.ஏ. கையில் அதிகாரமே இல்லாத காரியங்கள். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு போன், ஒரு கடிதம், அல்லது ஒரு ஆறுதல் வார்த்தை. அவர் மேஜையில் ஒரு இட்லிப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ.க்களின் சம்பளம் படிகளோடு சேர்த்து 2017-லிருந்து மாதம் 1,05,000 ரூபாய். அந்தப் பத்திரிகைகளுக்கெல்லாம் மொய் எழுத அதில் எவ்வளவு போகும் என்று உட்கார்ந்த இடத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதுவரை எனக்கு அவர் மேல் கோபம் மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு அது கொஞ்சம் குறைந்தது.

என் அப்பா மதுரையில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர். அவருக்கு எம்.எல்.ஏ. என்றால் நன்மாறன்தான். மதுரை கிழக்கில் 2001, 2006 என்று இரண்டு முறை மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் ஜெயித்தவர். அவர் மேடைப் பேச்சைக் கேட்பதற்கென்றே அப்பா போவார். பத்து வருடம் சட்டமன்றத்தில் இருந்துவிட்டு, கடைசிக் காலத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, தனக்கு ஒரு வீடு ஒதுக்கும்படி ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தார் அவர். 2021 அக்டோபரில் இறந்தபோது அப்பா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நான் கையில் மனுவோடு அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு முன்னாள் எம்.எல்.ஏ.வும் என்னைப் போல ஒரு மனுவோடு நின்றாரே என்பதுதான் நினைவுக்கு வந்தது. அது ஒரு தெம்பாகக்கூட இருந்தது.

அந்தச் சமயத்தில்தான், ஒவ்வொரு எம்.எல்.ஏ.வும் தன் தொகுதியின் பத்து முக்கியக் கோரிக்கைகளை ஆட்சியரிடம் கொடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் முதல்வர் எழுதிய கடிதம் பேப்பரில் வந்தது. நம்முடையதையும் அந்தப் பத்தில் சேர்த்துவிடலாம் என்று ஓடினேன். உதவியாளராக இருந்த தம்பி பொறுமையாகச் சொன்னார்: "அக்கா, அது பாலம், குடிநீர்த் திட்டம் மாதிரி ரொம்ப வருசமா கெடக்குற பெரிய வேலைக்கு. உங்களுக்குத் தொகுதி நிதியே போதும்." தொகுதி மேம்பாட்டு நிதி என்பது ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். கேட்க மலை மாதிரி இருக்கும். ஆனால் 2024-ல் தமிழ்நாட்டில் 6 கோடியே 20 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். 234 தொகுதிக்கும் பிரித்தால் ஒரு தொகுதிக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் வரும். வாக்காளர் ஒருவருக்கு வருடத்துக்கு 110 ரூபாய் சொச்சம்தான். அதில்தான் பள்ளிக் கட்டடம், அங்கன்வாடி, சிமெண்ட் ரோடு, நிழற்குடை, மேல்நிலைத் தொட்டி, எங்கள் கடை எல்லாம். நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல், மே மாதத்திலேயே மனு உள்ளே இருந்தால்தான் பட்டியலில் ஏறும். நான் போன நேரத்தில் அந்த வருடப் பட்டியல் முடிந்திருந்தது.

இன்னொன்றையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அந்த 3 கோடி எம்.எல்.ஏ.வின் கைக்கு வரும் பணம் இல்லை. ஒரு செக்கில்கூட அவர் கையெழுத்துப் போடுவதில்லை. இந்த வேலையைச் செய்யலாம் என்று அவர் பரிந்துரைக் கடிதம் கொடுப்பார். நிர்வாக அனுமதி தருவது ஆட்சியர். மதிப்பீடு போடுவது ஒன்றியத்துப் பொறியாளர். டெண்டர் விட்டு வேலையை நடத்துவது ஒன்றிய அலுவலகம். இடம் பொது இடமாக இருக்க வேண்டும், தனியார் நிலத்தில் செலவு செய்ய முடியாது. எம்.எல்.ஏ. 'சரி' என்று சொல்வது இந்த வரிசையில் முதல் படி. நான் அதையே கடைசிப் படி என்று நினைத்திருந்தேன்.

இப்போது அந்த 15,000 ரூபாய் விஷயம். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை எழுதிப் பயனில்லை. அலுவலக வாசலில் ஒருவர் எப்போதும் நிற்பார். வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல். உள்ளே போகிற வருகிற எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "எஸ்டிமேட் போட்டாத்தான் ஃபைல் நகரும், இன்ஜினியர் வந்து அளக்கணும், அதுக்குச் செலவு இருக்கு" என்றார். 2022 அக்டோபர், தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால், சீட்டு எடுத்த பணத்தில் 15,000 கொடுத்தேன். பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வைத்திருந்தது அது. பிறகு அந்த ஆளின் போன் எடுபடவில்லை. உதவியாளர் தம்பியிடம் கேட்டபோது, "அவர் நம்ம ஆபீஸ் ஆளே இல்லக்கா" என்றார். வீட்டில் சொல்லாமல் மூன்று மாதம் ராத்திரியில் கூடுதலாகத் தைத்து அந்தச் சீட்டைக் கட்டினேன். என் கணவருக்கு இது போன வருடம்தான் தெரியும். பொதுக் கட்டடத்துக்கு மதிப்பீடு போடுவது ஒன்றியப் பொறியாளரின் வேலை, அதற்குக் கேட்கிறவர் யாரும் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கு கட்டுவது உண்டு, ஆனால் அதுவும் முறைப்படி ரசீதோடு கட்டுவது. வாசலில் நிற்கிற ஆள் கையில் கொடுப்பது இல்லை. யாராவது பணம் கேட்டால் உள்ளே போய் உதவியாளரிடம் அந்த ஆளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்க வெட்கப்பட்டேன், அந்த வெட்கம்தான் 15,000.

2023 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எம்.எல்.ஏ.விடம் நேரில் பேசினேன். "என்னம்மா, எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "ரேஷன் கடைதானே, செஞ்சுருவோம்" என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இடம் எங்கே என்று கேட்டதற்கு, ஊர் மந்தைக்குப் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் இடம் என்று சொன்னேன். எல்லோருக்கும் தெரிந்த இடம், பையன்கள் கிரிக்கெட் விளையாடுவார்கள். கடிதம் அடித்துக் கையெழுத்துப் போட்டார். நகலை எனக்கும் கொடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போய் தெருவெல்லாம் கொடுத்தேன். அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. மார்ச் போனது, மே போனது, மறுபடி கத்திரி வந்தது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள், "என்ன அக்கா, கட்டடம் எந்திரிச்சிருச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேலியாகக் கேட்டார்களோ அக்கறையாகக் கேட்டார்களோ, எனக்கு இரண்டும் ஒன்றாகவே குத்தியது. கொஞ்ச நாள் குழாய்க்கு விடிகாலையிலேயே போய் வந்தேன், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்று. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். முதல்வரின் புகார் எண்ணான 1100-க்கும் போன் செய்தேன். சில வாரம் கழித்து ஒரு பதில் வந்தது: 'நிதி ஆதாரத்திற்கேற்பப் பரிசீலிக்கப்படும்.' அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. அதில் ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

கடைசியில் வழி காட்டியது ஒரு பத்து ரூபாய் ஸ்டாம்பு. ஜாக்கெட் தைக்க வரும் ஒரு டீச்சர், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள் என்றார். வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பு ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 2023 ஆகஸ்ட் அது. ஏன் கட்டவில்லை என்று கேட்கவில்லை. டீச்சர் அதைக் கண்டிப்பாகச் சொன்னார், 'ஏன்' என்று கேட்டால் தட்டிக் கழித்துவிடுவார்கள் என்று. இன்ன தேதியிட்ட பரிந்துரைக் கடிதம் எந்தத் தேதியில் வந்தது, அதன் மேல் எடுத்த நடவடிக்கையின் நகல், இப்போது கோப்பு யாரிடம் இருக்கிறது என்று மூன்றே கேள்வி. முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். எனக்கு இருபத்தாறாம் நாள் தபால் வந்தது. மார்ச் மாதமே கோப்பு திரும்பிவிட்டது என்று அதில் இருந்தது. காரணம், நான் காட்டிய இடம் கணக்கில் ஊருணி.

தபால்காரர் போன பிறகும் வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் பிறப்பதற்கு முன்பே தூர்ந்துபோன ஊருணி. கண்ணுக்கு அது மைதானம், சர்க்கார் ஏட்டில் அது இன்னும் தண்ணீர். நீர்நிலைப் புறம்போக்கில் கட்டடம் கூடாது என்று உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது, எந்த அதிகாரியும் அதில் கையெழுத்துப் போட மாட்டார். போடவும் கூடாது, அந்த ஊருணி நமக்கு வேண்டியதுதான். ஆனால் கோப்பு திரும்பியதை எனக்கு யாரும் சொல்லவில்லை, எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கும் தெரிந்திருக்கவில்லை. ஐந்து மாதம் எல்லோரும் எல்லோருக்காகவும் காத்திருந்தோம். நீங்கள் எம்.எல்.ஏ.விடம் போகும் முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்: வி.ஏ.ஓ.விடம் போய், ஊர் நிலங்களுக்கான அரசுக் கணக்கான 'அ' பதிவேட்டில் அந்த இடம் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சர்வே எண் தெரிந்தால் அரசின் நில ஆவண இணையதளத்திலேயே 'அ' பதிவேட்டை இலவசமாகப் பார்க்கலாம். குளம், ஊருணி, வாய்க்கால், ஓடை என்று இருந்தால் அந்த இடத்தை அப்போதே மறந்துவிடுங்கள்.

வேறு இடம் தேடினேன். பழைய சாவடி இடிந்துபோன இடம் ஒன்று, கிராம நத்தத்தில், காலி என்று கணக்கில் இருந்தது. ஆனால் அங்கே ஒரு பெரியவரின் வைக்கோல் படப்பு. முறையில் எனக்குப் பெரியப்பா. போய்க் கேட்டேன். "ஏத்தா, முப்பது வருசமா கெடக்குற படப்பு. மாட்டுக்கு நான் எங்க கொண்டுபோய் போடுவேன்?" என்றார். நியாயம்தான். மூன்று முறை போனேன். மூன்றாவது முறை அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். அத்தை ஒன்றும் பேசவில்லை, முக்காட்டை விலக்கி நெற்றித் தழும்பைக் காட்டினார், அவ்வளவுதான். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் வீட்டுக் கொல்லையில் படப்பு போட இடம் கொடுத்தேன். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. தாசில்தார் நோட்டீஸ் விட்டு எடுக்க வைத்திருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அப்படிச் செய்திருந்தால் கடை வந்த பிறகும் ஊரில் பகை இருந்திருக்கும்.

2023 அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் வைத்தோம். எங்கள் மக்கள்தொகைக்கு 100 பேர் வந்தால்தான் சபை செல்லும். முந்தின நாள் நானும் எங்கள் மகளிர் குழுப் பெண்கள் நான்கு பேரும் வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். கையெழுத்துப் புத்தகத்தில் 140-க்கு மேல் விழுந்தது. தீர்மானத்தில் 'ரேஷன் கடை கட்ட வேண்டும்' என்று மட்டும் எழுத வந்தார்கள். சர்வே எண்ணும் எத்தனை சென்ட் என்பதும் சேர்த்து எழுதினால்தான் ஆயிற்று என்று நின்றேன், எழுதினார்கள். தீர்மான நகல், 'அ' பதிவேடு, இடத்தின் அளவு வரைபடமான புலப்பட நகல், பிறகு தாசில்தாரின் தடையின்மைச் சான்று. டிசம்பருக்குள் எல்லாம் கையில் வந்தது. 2024 ஜனவரியில் அந்தக் கட்டோடு எம்.எல்.ஏ.வைப் பார்த்தேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டிவிட்டு, "இப்படிக் கொண்டுவந்தா எங்களுக்கு என்னம்மா கஷ்டம்" என்றார். என் எதிரிலேயே ஒன்றிய அலுவலகத்தின் தலைமை அதிகாரியான பி.டி.ஓ.வுக்குப் போன் போட்டார். பத்து நாளில் ஓவர்சீர் வந்து டேப் பிடித்து அளந்தார். ஒரு வருடமாக நகராதது பத்து நாளில் நகர்ந்தது. எம்.எல்.ஏ.வின் பலம் எங்கே இருக்கிறது என்று அன்றைக்குப் புரிந்தது. காகிதம் சரியாக இருக்கும்போது அவர் போட்ட ஒரு போன் போதுமாக இருந்தது. காகிதம் இல்லாதபோது அவர் கையெழுத்துக்கே பலன் இல்லை.

அனுமதி வரும் என்று இருந்த நேரத்தில் மார்ச் 16 மக்களவைத் தேர்தல் அறிவித்தார்கள். நடத்தை விதி வந்துவிட்டால் புதிய வேலைக்கு அனுமதி கிடையாது. அனுமதி இருந்தும் தொடங்காத வேலையைத் தொடங்கவும் முடியாது. ஜூன் 4 வாக்கு எண்ணி முடியும் வரை கோப்பு தூங்கியது. தேர்தல் வரும் வருடம் என்றால், பிப்ரவரிக்குள் வேலை தரையில் தொடங்கியிருக்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஆகஸ்டில் நிர்வாக அனுமதி, நவம்பரில் அஸ்திவாரம், உடனே மழை. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் மாவட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலமும் முடிந்து தனி அலுவலர் வந்தார். எங்கள் தலைவர் வாய்மொழியாகச் சொல்லியிருந்த மோட்டார் இணைப்பும் சுற்றுப் பாதையும் அவரோடு போய்விட்டன. எழுத்தில் இருந்தது மட்டும் நின்றது.

நீண்ட நாள் இழுக்கிற பொதுப் பிரச்னைக்குச் சட்டமன்றத்தின் மனுக்கள் குழு என்று ஒரு வழி உண்டு, இது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. குழு மாவட்டத்துக்கு வரும்போது பேப்பரில் அறிவிப்பு வரும். ஒரு மனுவில் ஒரு துறை சம்பந்தப்பட்ட ஒரு பிரச்னைதான் இருக்க வேண்டும். தனிப்பட்ட வேலை, பட்டா, கடன் கேட்டு எழுதினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், கோர்ட்டில் இருக்கும் வழக்கையும் தொட மாட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் ஓடைப்பாலத்துக்காக இப்போது அதற்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதிகாரிகளை நேரில் உட்கார வைத்துப் பதில் கேட்கும் குழு அது.

2025 ஜூனில் எம்.எல்.ஏ. வந்து ரிப்பன் வெட்டினார். முதல் மூட்டையை உள்ளே இறக்கியபோது அத்தை கும்பிட்டுக்கொண்டு நின்றார். பன்னிரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான செலவில் நல்ல உறுதியான கட்டடம், ஷட்டர், உள்ளே மூட்டைகளுக்குத் தனி அறை. எல்லோரும் போன பிறகு வாசலில் நின்று பார்த்தபோதுதான் எனக்கு நெஞ்சு திக்கென்றது. முன்னால் ஒரு சன்ஷேடு, ஒன்றரை அடி. அவ்வளவுதான். வரிசை நிற்கும் இடத்தில் கூரை இல்லை. எதற்காக நான் கிளம்பினேனோ அது அந்த மதிப்பீட்டிலேயே இல்லை. டேப் பிடித்து அளந்த அன்று ஓவர்சீரிடம் டீ கொடுத்தேனே தவிர, வரைபடத்தைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. மதிப்பீடு போடும்போதே கேட்டால் சேர்த்திருப்பார்கள் என்று பிறகு சொன்னார்கள். வேலை முடிந்து பில் ஆனதும் ஒரு தூண்கூடச் சேர்க்க முடியாது. கேட்டு வாங்கிப் பாருங்கள், எத்தனை அடி, வாசல் எந்தத் திசை, சாய்தளம் உண்டா, முன்கூரை உண்டா என்று.

குழுவில் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு 1,800 ரூபாய்க்குப் பச்சை வலை வாங்கி, நான்கு சவுக்குக் கம்பு நட்டுக் கட்டியிருக்கிறோம். வலையின் ஓரங்களை நான்தான் மடித்துத் தைத்தேன், காற்றில் கிழியாமல் இருக்க. ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முன்கூரைக்கான மனு எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்தான். சர்வே எண் முதல் வரியிலேயே இருக்கிறது.